ஒரு துறைக்கு இரண்டு படகு

சுலேமா தன் சொந்தப் படகில்தான் அன்செல்மோ வீட்டுக்கு வாழ வந்தாள். இலையுதிர்காலம் முடிகிற சமயம். கார்சா ஓடையின் மேல் காலை மூட்டம் பாலாடை போலக் கிடந்தது. படகை அவள் மகன் ஃபாபியான் ஓட்டினான். கட்டில், அலமாரி, தேன்பெட்டிகள் எல்லாம் எங்கள் கடைப்படகில் பின்னால் வந்தன.

நானும் என் புருஷன் நெஸ்தோரும் ஆற்றுத் தீவுகளின் நடுவே ஓடுகிற அந்த ஓடைகளில் மளிகைக்கடை வைத்திருக்கிறோம். கடையே படகுதான். மாவு, சர்க்கரை, தேநீர் போல ஊறவைத்துக் குடிக்கிற மாத்தே இலை, முட்டை, காஸ் சிலிண்டர், மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி என்று துறை துறையாகக் கொண்டுபோய் நிறுத்துவோம். யாராவது வீடு மாறினால் சாமானும் ஏற்றுவோம். அன்றைக்கு ஈரச்சாக்கு போர்த்திய பெட்டிகளுக்குள் தேனீக்கள் வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தன.

வளைவைத் திரும்பியதும் நெஸ்தோர் வேகத்தைக் குறைத்தான். சுலேமாவின் படகு அன்செல்மோவின் துறையில் ஏற்கனவே கட்டிக் கிடந்தது. அதே வெண்ணெய் நிறம், விளிம்புக்குக் கீழே ஓடும் அதே நீலக்கோடு, அதே பச்சைத் தார்ப்பாய். ஆனால் சுலேமாவின் படகு இன்னும் எங்களுக்கு முன்னால் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. மூட்டத்துக்குள் அது மெல்ல நகர்ந்து, தன்னைப் போலவே இருந்த இன்னொன்றின் பக்கத்தில் போய் ஒட்டி நின்றது.

"நாம எல்லாரும் ரெண்டு தடவை வந்துட்டமோ?" என்றான் நெஸ்தோர்.

அதிசயம் ஒன்றுமில்லை. இரண்டும் சான் ஃபெர்னாந்தோ ஊரில் ஒரே பட்டறையில், ஒரே அச்சில் வார்த்த ஃபைபர் படகுகள். மரப்படகை விட்டுவிட்டு எல்லாரும் ஃபைபருக்கு மாறிய காலத்தில் எங்கள் ஓடைப் பக்கத்துக் குடும்பங்கள் பாதிக்கு மேல் அங்கேதான் வாங்கின. மோட்டாரும் ஒரே ரகம். மற்றவர்களுடையது உடைந்தும் விற்றும் போய்விட்டன. இவை இரண்டு மட்டும் நின்றன. அன்செல்மோவின் முதல் மனைவி இர்மா தன் வீட்டுப் படகைத் தானே தேய்த்துக் கழுவுகிறவள். சுலேமாவின் முதல் புருஷன் ரொகேலியோ தன் படகில் செருப்புக்காலோடு ஒருவரை ஏறவிடமாட்டான். இர்மா இறந்துபோய் நாலு வருஷம், ரொகேலியோ போய் அதற்கும் மேலே. மூன்று வளைவு தள்ளித் தள்ளி இருந்த இரண்டு வீடுகளில் தனித்தனியே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இப்போது ஒரு வீட்டில் எரிகிறது. எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான்.

ஆனால் துறை ஒன்று. துறையோரம் படகைத் தண்ணீரிலிருந்து மேலே ஏற்றி வைக்கிற கப்பியும் ஒன்றே ஒன்று. இரண்டு இரும்புக் கைகள், இரண்டு கயிறு, ஒரு சக்கரம். கப்பியில் தொங்குகிற படகு கவலை இல்லாமல் தூங்கும். தண்ணீரிலேயே கிடக்கிற படகு நாளெல்லாம் நீரின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஆடி, பாசி பிடித்து, துறைக்காலில் மோதி மோதித் தேயும். ஒன்றை விற்றுவிட வேண்டியதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். எதை விற்பது என்பதுதான் நகரவில்லை.

சண்டை போட்டிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். அவர்கள் சண்டை போடவில்லை. கல்யாணம் முடிந்து மாதங்கள் ஆகியும் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்த காலத்துப் பழக்கம், வாயை விட்டுப் போகவில்லை. உங்கள் படகு நன்றாக இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம் என்று அவர் சொல்வார். இல்லையில்லை, உங்களுடையதுதான் அலையில் அடங்கி ஓடுகிறது என்று அவள் சொல்வாள். விருந்துக்கு வந்தவர்கள் கடைசித் துண்டு இறைச்சியை ஒருவர் தட்டில் ஒருவர் தள்ளிவிடுகிற மாதிரி.

குளிர்காலம் பிறந்தது. அன்செல்மோ கூடை முடைகிற பிரம்புக்கொடி வளர்க்கிறவர். இலை உதிர்ந்து செங்காவி நிறத்தில் நிற்கிற கொடிகளை வளைந்த கத்தியால் அடியோடு அறுத்துக் கட்டுக் கட்டாக ஓடைத் தண்ணீரில் நிறுத்தி வைக்க வேண்டும். சுலேமாவும் கூட இறங்கினாள். காலையில் வெள்ளையாகப் பனி உறைந்து கிடக்கும். அறுக்கிற சத்தம் மட்டும் சீராகக் கேட்கும். நாங்கள் துறையில் நின்று குரல் கொடுத்தால் இரண்டு பேரும் ரப்பர் பூட்ஸ் காலோடு சேற்றை மிதித்துக்கொண்டு வருவார்கள், மூக்கெல்லாம் சிவந்து. நாங்கள் கொடுக்கிற ரொட்டியைச் சுலேமா முகர்ந்து பார்த்து வாங்குவாள். அவர் மாத்தே இலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு இரண்டு படகையும் ஒரு பார்வை பார்ப்பார். இந்த வாரம் கப்பியில் ஒன்று தொங்கினால் அடுத்த வாரம் இன்னொன்று தொங்கும். எது எதென்று எனக்குத் தெரியாது. பதிவு எண்ணைப் படித்தால்தான் தெரியும். அவர்களுக்குத் தெரியும்.

பிள்ளைகளும் பேசிப் பார்த்தார்கள். அன்செல்மோவின் மகள் மிர்த்தா திக்ரே ஊரில் தையல்கடை வைத்திருப்பவள். அவள் ஞாயிற்றுக்கிழமை பயணிகள் படகில் வந்து இறங்கும்போதெல்லாம் அம்மாவின் படகை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாள். ஒன்றும் சொல்லமாட்டாள். அந்தத் தடவலே போதும். ஃபாபியான் வாய்விட்டே கேட்டான், அப்பா ஆசையாக வாங்கியதை விற்பீர்களா என்று. சுலேமா அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோளக்கூழ் வைத்தாள்.

நெஸ்தோர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அன்செல்மோவிடம் சொல்லிவிட்டான்: "ரெண்டும் ஒண்ணுதானே. கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைத் தொடுங்க. தொட்டதை வித்துருங்க."

அன்செல்மோ சிரித்தார். "தொட்டாத் தெரிஞ்சிருமே, நெஸ்தோர்" என்றார்.

குளிர் விலகுகிற நேரத்தில் தென்கிழக்குக் காற்று வந்தது. எங்கள் ஊரில் வெள்ளம் மேலேயிருந்து வருவதில்லை; கீழேயிருந்து வரும். அந்தக் காற்று பிளாத்தா ஆற்றின் தண்ணீரைக் கடலுக்குப் போகவிடாமல் திருப்பி எங்கள் தீவுகளுக்குள் தள்ளும். ஓடைகள் பின்னோக்கி ஓடும். ஆகாயத்தாமரைத் திட்டுகள் வந்த வழியே திரும்பிப் போகும். அன்று காலையில் நாங்கள் அந்த ஓடையில் பாதி தூரம் வந்திருந்தோம். வானம் ஈயத்தட்டு மாதிரி தாழ இறங்கிவிட்டது. இதற்கு மேல் போகமுடியாது என்று நெஸ்தோர் அன்செல்மோ வீட்டுப் பக்கத்து வாய்க்காலுக்குள் கடையைச் செருகி, நாலு மூலையிலும் கட்டினான். நான் கதவுகளை அடைத்துவிட்டு இறங்கியபோது தண்ணீர் துறைப்பலகைக்கு மேலே வந்துவிட்டது.

அன்செல்மோ இடுப்பளவு தண்ணீரில் நின்று சுலேமாவின் படகுக்கு அடியில் கப்பிக் கயிற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மழை பக்கவாட்டில் அடித்தது. சுலேமா படியில் நின்று, அவருடையதை ஏற்றச் சொன்னாள். அவர் கேட்காதது போல வேலையைப் பார்த்தார். அவள் தண்ணீருக்குள் இறங்கிப் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் உதவிக்கு ஓடிவந்தவர்கள், யாருக்கு உதவுவதென்று தெரியாமல் நின்றோம்.

"இர்மா கையில வளந்த படகு அது," என்றாள் சுலேமா. "அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா மிர்த்தா என் மூஞ்சில முழிப்பாளா? அதை ஏத்துங்க."

"உங்க வீட்டுலருந்து நீங்க கொண்டுவந்தது இது ஒண்ணுதான். இதை நான் ஆத்துல விடமாட்டேன்."

"கயித்தை விடுங்க, அன்செல்மோ."

"விடமாட்டேன்."

"எனக்காகன்னா வேண்டாம். இது போனா நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மழைத்தண்ணீர் அவர் புருவத்திலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. "என்ன சொன்னீங்க?"

"போகட்டும்னு சொன்னேன். அத்துக்கிட்டுப் போகட்டும். எனக்கு அது வேண்டாம். மொத நாள்லருந்தே வேண்டாம்."

அவர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு மெதுவாக அதை விட்டார். "என்னதும் போகட்டும்" என்றார். "எனக்கும் வேண்டாம்."

இரண்டு படகும் பக்கம் பக்கமாகத் துள்ளிக்கொண்டிருந்தன. ஒன்றைக்கூடக் கப்பியில் ஏற்றவில்லை. நெஸ்தோர்தான் இரண்டுக்கும் நீளமாகக் கயிறு விட்டு வீட்டுக்குப் பின்னால் நிற்கிற பெரிய மரத்தில் கட்டினான். தண்ணீர் ஏறினால் படகும் கூடவே ஏறட்டும் என்று. பிறகு நாலு பேரும் படியேறி வீட்டுக்குள் போனோம். எங்கள் வீடுகள் எல்லாம் கால் வைத்து உயர்த்திக் கட்டியவை. தரைக்குக் கீழே தண்ணீர் பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

சுலேமா துணி மாற்றிக்கொண்டு வந்து மாவு பிசைந்தாள். மழை நாளில் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் வாசனை ஒன்றுதான்: கொழுப்பில் பொரிகிற மாவு வட்டம். நான் பொரித்தெடுத்தேன். அவள் சர்க்கரை தூவினாள். மாத்தே கிண்ணம் கை மாறி மாறிச் சுற்றியது. வெளியே பகல்தான், ஆனால் விளக்கேற்றும்படி இருட்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பிரம்புக் கட்டுகள், ஒரு கோழிக்கூண்டு, யாருடைய வீட்டு நாற்காலியோ, எல்லாம் அவசரமில்லாமல் மிதந்து போய்க்கொண்டிருந்தன. வீடே எங்கோ புறப்பட்டுப் போகிற மாதிரி இருந்தது.

சுலேமா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அந்தப் படகுல முன்னாடி ஓட்டுற சீட்டு இருக்குல்ல. அதுக்கு முதுகோட முதுகா ஒட்டி ஒரு சீட்டு. பின்னாடி பாத்த மாதிரி. அதுதான் என் சீட்டு. கல்யாணம் ஆனதுலருந்து ரொகேலியோ சாகுறவரைக்கும் அதுலதான் உக்காந்தேன். போற இடத்தை நான் ஒருநாளும் பாத்ததில்ல. எல்லாம் தாண்டுன பெறகுதான் எனக்குத் தெரியும். துறை வருதா, பாலம் வருதா, எதுக்கப் படகு வருதா, ஒண்ணும் தெரியாது. அவன் வேகம் வச்சா நான் முன்னாடி கவுந்து விழுவேன். சொல்லிட்டு வைக்கலாம்ல? சொல்லமாட்டான். அடிச்சானா, இல்ல. குடிச்சானா, இல்ல. ஸ்டீயரிங்ல கை வைக்கவிடமாட்டான். என் தங்கச்சி வீட்டுக்குப் போகணும்னு ஒரு தடவை கேட்டேன். ஆறுங்கிறது பொம்பளைங்களுக்கு இல்லன்னான். ஆறு நடுவுல குடியிருக்கேன், ஆறு எனக்கு இல்லையாம்."

எண்ணெய்ச்சட்டி அடங்கிக்கொண்டிருந்தது.

"உங்க படகுல உக்காந்தா அந்த நெனப்பு வரமாட்டேங்குது," என்று முடித்தாள். "அதான் அது பிடிக்கும்னேன். மரியாதைக்குச் சொல்லல."

அன்செல்மோ வெகுநேரம் கிண்ணத்தைக் கையில் வைத்துச் சுழற்றினார். அவர் பேசியபோது எங்களிடம் பேசுகிற மாதிரி இல்லை.

கடைசி வருஷம் இர்மாவால் உட்கார முடியவில்லை. படகின் தளத்தில் கம்பளி விரித்துப் படுக்கவைத்துத்தான் திக்ரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். ஒருநாள் காலையில் பால்மாஸ் பேராற்றை நெருங்கும்போது மூட்டம் இறங்கிவிட்டது. தன் கையே தனக்குத் தெரியாத மூட்டம். பெரிய கப்பல்கள் போகிற ஆறு அது. மோட்டாரை நிறுத்திவிட்டுச் சும்மா மிதந்தார். எந்தப் பக்கம் கரை என்று தெரியவில்லை. எங்கேயோ ஒரு கப்பல் ஊதியது. தண்ணீர் படகின் அடியைத் தடவிக்கொண்டு போகிற சத்தம்.

"இர்மா படுத்த வாக்குல சொன்னா, 'திரும்பிரு, அன்செல்மோ. வீட்டுக்குப் போலாம்'னு. பயத்துல சொல்லல. நல்லா நிதானமாச் சொன்னா. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நான் கேக்காத மாதிரி இருந்துட்டேன். மூட்டம் வெலகுச்சு. மோட்டாரைப் போட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டேன்." கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அவ பெறகு வீட்டுக்கு வரல. அந்த ஸ்டீயரிங்கைத் தொடுறப்பெல்லாம் கீழருந்து அவ சொல்ற மாதிரி இருக்கு. உன் படகுல அது இல்ல."

உன் படகு என்றார். சுலேமா தலையைத் தூக்கினாள். அவரே அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இதை ஏன் எங்கிட்ட இவ்வளவு நாளும் சொல்லல?" என்றாள்.

"நீ ஏன் சொல்லல?"

அவள் பொரித்ததில் மிச்சமிருந்த ஒன்றை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அவரிடம் நீட்டினாள்.

ஆறு ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருந்தால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும். எடுத்துக்கொள்ளவில்லை. காற்று மாறி, தண்ணீர் வந்த வேகத்திலேயே வடிந்து, மறுநாள் நாங்கள் வெளியே வந்தபோது இரண்டு படகும் வீட்டுக்குப் பின்புறப் புல்தரையில், கரையேறிப் படுத்த பசுமாடுகள் மாதிரி சாய்ந்து கிடந்தன. ஒன்றின் மூக்கு இன்னொன்றின் விலாவில். சுற்றிலும் சேறு. படகுகளும் உச்சிமுதல் அடிவரை சேறு; நிறம் இல்லை, கோடு இல்லை, எண் இல்லை. வெயில் வந்தது. தீவு முழுக்க ஈர மண்ணின் வாசனை. எங்கள் கடைப்படகும் வாய்க்காலில் தரைதட்டி நின்றதால் அடுத்த நீரேற்றம்வரை எங்களுக்கும் போக வழியில்லை.

வாளிகளை எடுத்துக்கொண்டு கழுவ ஆரம்பித்தோம். ஆண்கள் ஒன்றில், நாங்கள் ஒன்றில். எதைக் கழுவுகிறோம் என்று பார்க்கவில்லை. கிட்டே இருந்ததைக் கழுவினோம். சுலேமா உள்ளே ஏறித் துணியால் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கம்பியின் ஒவ்வொரு இடுக்கிலும் விரல்விட்டுச் சேற்றை எடுத்தாள். கால் வலித்திருக்க வேண்டும். ஓட்டுகிற இருக்கையிலேயே உட்கார்ந்து துடைத்தாள். கொஞ்சநேரம் கழித்துத் துணிச் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, புல்தரை வழியாக, பிரம்புத் தோட்டம் வழியாக, எதிரே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்வீரா, அந்த எண்ணைக் கொஞ்சம் தொடச்சுப் பாரு. இது யாருது?"

உள்ளங்கையால் சேற்றை வழித்தேன். "உன்னுது" என்றேன்.

"என்னுதா?" அவள் இருக்கையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இங்கருந்து பாத்தா வேற படகு மாதிரி இருக்கு."

அன்று மத்தியானமே சொல்லிவிட்டாள். சேற்றுக் காலோடு படியில் உட்கார்ந்து எல்லாரும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"என் படகை வச்சுக்குவோம். ஆனா நான்தான் ஓட்டுவேன்."

"உனக்கு ஓட்டத் தெரியாதே" என்றார் அன்செல்மோ.

"தெரியாது."

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"பின்னாடி ஒரு சீட்டு இருக்கு. மோசமில்ல. முதுகுக்கு மட்டும் ஒரு தலகாணி வேணும்."

நெஸ்தோருக்கு ரொட்டி புரையேறியது. அன்செல்மோ சிரிக்கவில்லை. சரி என்று தலையை ஆட்டினார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மிர்த்தா வந்திருந்தாள். அதை எனக்குச் சுலேமாதான் பிறகு சொன்னாள். அன்செல்மோ மகளைத் துறைக்குக் கூட்டிக்கொண்டு போய், அம்மாவின் படகை விற்கப்போவதைச் சொன்னார். பிறகு அந்த மூட்டத்துக் காலையையும் சொன்னார். அம்மா திரும்பச் சொன்னதையும், தான் திரும்பாததையும். மிர்த்தா அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே கேட்டாளாம்.

"எனக்குத் தெரியும்ப்பா. அம்மா ஆஸ்பத்திரியில சொன்னாங்க. 'உங்கப்பனுக்கு எப்பவும் அந்தப் பக்கக் காது கேக்காது'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

"சிரிச்சாளா?"

"சிரிச்சாங்க. பெறகு அழுதாங்க. ரெண்டும்தான்."

மிர்த்தா படகுக்குள் இறங்கித் தளத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். போகும்போது ஒரு திண்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனாள். அன்செல்மோ அன்று முழுவதும் பிரம்புத் தோட்டத்திலேயே இருந்தார். சுலேமா கூப்பிடவில்லை, சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

வசந்தம் வந்தது. ஓடையோரம் செய்போ மரங்கள் கல்யாண முருங்கைப்பூவின் வடிவத்தில் ரத்தச் சிவப்பாகப் பூத்தன. பூ உதிர்ந்து தண்ணீர் முழுக்க மிதக்க, அதன் நடுவே சுலேமா ஓட்டப் பழகினாள். பழகினாள் என்று சொல்வது மரியாதைக்கு. நாணலுக்குள் புகுந்தாள். எதிர்வீட்டுக்காரர்களின் தூண்டில் கம்புகளை அள்ளிக்கொண்டு போனாள். பயணிகள் படகு வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் நடு ஓடையில் மோட்டாரை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவாள். அந்தப் படகோட்டி ஊதி ஊதிச் சலித்துப்போய் அவளைச் சுற்றிக்கொண்டு போவான். அன்செல்மோ வாயைத் திறந்து, இடதுபக்கம் ஒடி, வேகத்தைக் குறை என்று சொன்ன முதல்நாளே, பேசினால் இறக்கிவிடுவேன் என்று அவள் சொல்லிவிட்டாளாம். அவர் பேசவில்லை. முதுகில் தலையணையோடு, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து போவார்.

ஒரு காலை அவர்கள் எங்களைக் கடந்து போனார்கள். ஆற்றில் போகிற ஆண்களை நான் எப்போதும் முதுகாகத்தான் பார்த்திருக்கிறேன். கடந்து போனதும் முதுகு, தொப்பி, அவ்வளவுதான். அன்று அன்செல்மோவின் முகம் எங்களையே பார்த்தபடி தூரமாகித் தூரமாகிப் போனது. வேகம் கூடும்போது அவர் ஒரு பக்கம் சாய்ந்து இருக்கையைப் பிடித்துக்கொண்டதையும், பிறகு எங்களைப் பார்த்து வெட்கத்தோடு கையசைத்ததையும் வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவருடைய படகை மேலோடை லெதெஸ்மா குடும்பம் வாங்கிக்கொண்டது. சின்ன வயதுத் தம்பதி. இரண்டு குழந்தைகள், மூன்றாவது வயிற்றில். ஒழுகுகிற மரப்படகில் குழந்தைகளை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் வந்து எடுத்துப்போன அன்று அன்செல்மோ தோட்டத்துப் பக்கம் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மோட்டாரின் சுபாவத்தையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். மூட்டம் இறங்கினால் பேராற்றில் போகாதே என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

கோடை பிறந்து முதல் தேன் எடுத்தபிறகு சுலேமா தனியாகத் திக்ரேக்குப் போகிறேன் என்றாள். அங்கே பழச்சந்தையில் அவளுடைய தேனை எப்போதும் வாங்குகிறவர் ஒருவர் உண்டு. தேன் டின்களைக் காலையிலேயே ஏற்றிக்கொண்டு, சிவப்புக் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். அன்செல்மோ கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

சாயங்காலம் நாங்கள் அந்தத் துறைக்குப் போனபோது அவர் துறைப்பலகையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்து உட்கார்ந்தார் என்று தெரியாது. பக்கத்தில் மாத்தே தண்ணீர் ஆறிப்போய்க் கிடந்தது. என்ன வேண்டும் என்று கேட்டேன். மாத்தே இலை என்றார். கொடுத்தேன். நெஸ்தோர் இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்சநேரம் கழித்து என்னைப் பார்த்து மறுபடியும் மாத்தே இலை கேட்டார்.

"இப்பத்தானே வாங்குனீங்க."

மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். "இங்க உக்காந்து காத்திருக்கிறது எனக்குப் பழக்கமில்ல, எல்வீரா," என்றார். "எப்பவும் நான்தான் போயிட்டு வர்றவன். வந்தா துறையில ஆள் இருக்கும். அந்த ஆள் எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னு ஒருநாளும் கேட்டதில்ல."

வெயில் நாணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறாமலும் இறங்காமலும் அசையாமல் நின்ற நேரம். ஓடையின் அந்த முனையிலிருந்து மோட்டார் சத்தம் வந்தது. அவர் எழுந்துவிட்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வெண்ணெய் நிறப் படகு வளைவிலிருந்து வந்தது. அதில் லெதெஸ்மாவின் பிள்ளைகள் இரண்டும் விளிம்பில் கையைத் தொங்கப்போட்டுத் தண்ணீரைக் கீறிக்கொண்டு வந்தன. அவர்களுடைய அம்மா வயிற்றைப் பிடித்தபடி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரிய பிள்ளை அன்செல்மோவைப் பார்த்துக் கத்திக் கையாட்டியது. அவரும் கையாட்டினார். படகு போய், அலை துறைக்காலில் மோதி, அடங்குகிறவரை நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

நாங்கள் போயிருக்க வேண்டும். இன்னும் இரண்டு துறை பாக்கி. ஆனால் நெஸ்தோர் மோட்டாரைத் தொடவில்லை, நானும் சொல்லவில்லை.

சிவப்புக் கைக்குட்டை தெரிந்தபோது பொழுது சாம்பல் நிறமாகியிருந்தது. சுலேமா மெதுவாக, ரொம்ப மெதுவாக வந்தாள். இருந்தும் கடைசியில் துறைக்காலில் இடித்தாள். அன்செல்மோ குனிந்து படகைப் பிடிக்கக் கை நீட்டினார்.

"கையை எடு. நான் கட்டுறேன்."

கையை எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் கடைசியில் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். அவள் கயிற்றை வீசி, இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். அப்போதுதான் பார்த்தேன். காலையில் ஏற்றின தேன் டின்கள் அத்தனையும் அப்படியே இருந்தன.

"விக்கலையா?" என்றார் அன்செல்மோ.

"திக்ரேக்குப் போகல." அவள் ஏறிவந்து துறைப்பலகையில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வெயிலில் கன்றியிருந்தது. உதடு வெடித்திருந்தது. "திரும்புற எடத்துல திரும்பலை. நேராப் போனேன். நாணலெல்லாம் முடிஞ்சுபோற எடம் வரைக்கும் போனேன். பிளாத்தா வரைக்கும்."

தனியாகவா என்று நெஸ்தோர் ஆரம்பித்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

"அதுக்கப்புறம் கரையே இல்ல, அன்செல்மோ," என்றாள். "எதுக்க ஒண்ணுமே இல்ல."

எங்கள் ஓடையில் எல்லாருக்கும் தெரியும், அன்செல்மோ சின்னப் பையனாக இருந்தபோதே அப்பாவோடு பிரம்புக்கட்டு ஏற்றிக்கொண்டு அந்த முகத்துவாரத்தைத் தாண்டிப் போய் வந்தவர். அந்தத் தண்ணீரின் நிறம், மேடு, பள்ளம், காற்று எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். நாங்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு புறப்பட்டோம்.